சின்னவேடிக்குச் சந்ததி இல்லை என்று எழுதியவள்

போன மாதம் என் பழைய தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பழைய பதிவேடுகளை எல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். "மேடம், வேடிக்கொல்லை வம்சாவளித் தாள்ல ஒரு வரியைச் சிவப்பு மையில அடிச்சிருக்கு. பக்கத்துல உங்க இனிஷியல். கீழே 'என் தவறு'ன்னு வேற எழுதியிருக்கு. இது ஆபீஸ் குறிப்பா, இல்ல யாராவது கிறுக்கினதா?" என்று கேட்டாள்.

கிறுக்கியது நான்தான் என்றேன். காரணம் கேட்டாள். போனில் சொல்லி முடிகிற சமாசாரமா அது? எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஓய்வு பெற்றவளிடம் ஒரு கேள்வி கேட்டால் பத்துப் பக்கம் வரும் என்பது அவளுக்குத் தெரியாது, பாவம்.

நான் கண்ணமங்கலத்துக்காரி. எழுபதுகளின் நடுவில் தேர்வு எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். தபால் பிரிவில் கொஞ்ச நாள், சான்றிதழ்ப் பிரிவில் கொஞ்ச நாள். இரண்டாவது பிரசவத்துக்கு விடுப்பு எடுத்துத் திரும்பினால் என் நாற்காலியில் வேறொருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பதிவறைக்குத் தள்ளிவிட்டார்கள். அந்தக் காலத்தில் பதிவறை என்றால் தண்டனை. குடித்துவிட்டு வருகிறவர், மேலதிகாரியை எதிர்த்துப் பேசியவர், கைக்குழந்தைக்காரி, இந்த மூன்று வகைக்கும் அதுதான் இடம். நான் இரண்டு வகையில் வருவேன்.

அங்கே சிவப்புத் துணியில் கட்டிய மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. மூட்டைக்குள் பூச்சி வராமலிருக்க வசம்பு. பழைய தாளை விரலால் புரட்டக் கூடாது, அப்பளம் மாதிரி உடையும். மூங்கில் பட்டையை மெல்லியதாகச் சீவி, தாளுக்கு அடியில் கொடுத்து, காற்றுப் படாமல் தூக்கிப் போட வேண்டும். ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. ஒரு மாதத்தில் எனக்கு அந்த அறை பிடித்தும் போயிற்று.

எனக்கு மேலே இருந்தவர் துணைத் தாசில்தார் அரங்கநாதன் சார். சத்தம் போட்டுப் பேச மாட்டார். எந்தக் கோப்பையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். "முடிவை முதல்ல பார்த்துட்டா, வழியில யாரு பொய் சொல்றாங்கன்னு தெரியும்" என்பார். தவறு கண்டால் திட்டுவதில்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பிவிடுவார். என்ன கேள்வி என்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

அப்போது ஜவ்வாது மலையில் நிலங்களை மறுபடி அளந்து, உழுகிறவர்கள் பேருக்குப் பட்டா கொடுக்க உத்தரவு வந்திருந்தது. மலையில் யாரும் பதிவேட்டில் பேர் மாற்றிக்கொள்வதே கிடையாது. வேடிக்கொல்லையில் மேட்டு நிலம் முழுக்கப் பெரியவேடி பேரில் இருந்தது. அவர்தான் முதன்முதலில் அந்தச் சரிவில் ஏறி, கல் பொறுக்கி, முள் வெட்டி, சாமை விதைத்தவர். ஊருக்கே அவர் பேர்தான். செத்து இரண்டு தலைமுறை போன பிறகும் எங்கள் பதிவேட்டில் அவரே உழுதுகொண்டிருந்தார். அவரிடமிருந்து இன்றைய ஆள் வரைக்கும் யாருக்கு யார் பிள்ளை என்று வம்சாவளி எழுத வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது.

நான் ஒரு முறை வைத்திருந்தேன். பழைய நிலப் பதிவேடு, பிறப்புப் பதிவேடு, இறப்புப் பதிவேடு மூன்றையும் பிரித்து வைத்து, ஒரு ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதுவேன். சீட்டுகளைத் தரையில் பரப்பி, பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு புளியங்கொட்டை. அப்பனுக்குக் கீழே பிள்ளை, பிள்ளைக்குக் கீழே பேரன். மேலே பெரியவேடி. அவருக்கு ஒரே மகன் காளி. காளிக்கு ஒரே மகன் சின்னவேடி. சின்னவேடிக்கு முதலில் பொன்னி என்று ஒரு பெண். அவளுக்குப் பிறகு மூன்று ஆண் குழந்தைகள். மூன்றும் பிறப்புப் பதிவேட்டில் இருந்தன, மூன்றும் அதே வருஷங்களில் இறப்புப் பதிவேட்டிலும் இருந்தன. ஒன்று நாற்பது நாள்கூடத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு சின்னவேடி பேரில் பிறப்பே இல்லை.

கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு நிலத்தில் பாத்தியதை இல்லை என்பது மலை வழக்கம். ஆபீஸும் அதையே பிடித்துக்கொண்டிருந்தது. அதில் எனக்கு ஆத்திரம் உண்டு, ஆனால் சட்டம் எழுதுகிற இடத்தில் நான் இல்லை. தாளில் 'சின்னவேடி: ஆண் சந்ததி இல்லை' என்று எழுதி இனிஷியல் போட்டேன். அரங்கநாதன் சார் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். கேள்விக்குறி போடவில்லை. எனக்கு ஒரே பெருமை.

மேட்டு நிலம் வாரிசில்லாத நிலம், அரசு எடுத்துக்கொள்ளும், ஆட்சேபணை இருந்தால் அறுபது நாளுக்குள் சொல்லலாம் என்று மலையில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒருவர் பதிவறை வாசலில் வந்து நின்றார். அறுபதைத் தாண்டியவர். நரைத்த தாடி முள், தோளில் கம்பளி, கையில் கிழித்தெடுத்த நோட்டீஸ்.

"அம்மா, இதுல இன்னா எழுதிக்கீதுன்னு பாத்துச் சொல்லுங்க."

"சின்னவேடிக்குப் புள்ளை இல்லை, அதனால நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கும்னு இருக்குதுங்க."

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் நிதானமாகத் தலையாட்டினார். "புள்ளை இல்லைன்னு எழுதினது சரிதாம்மா. அப்படியே இருக்கட்டும். நெலத்த மட்டும் வுட்டுடுங்க."

"அது எப்படிங்க முடியும்? நீங்க யாரு?"

"தவிடன். நான்தான் அங்க உழுவுறேன். எம் மூணு புள்ளைங்களும் அதுலதான் பொழைக்குது."

"உங்க அப்பா பேரு?"

கம்பளியைச் சரிசெய்துகொண்டார். "அதச் சொல்லக்கூடாதுங்கம்மா."

"யாரு அப்படிச் சொன்னது?"

"பொன்னி."

"பொன்னி உங்களுக்கு என்ன உறவு?"

"பொன்னி வந்து... பொன்னிதாங்க."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் எட்டு மாதக் குழந்தை பாலுக்கு அழுதுகொண்டிருக்கும், இங்கே இவர் விடுகதை போடுகிறார். "அப்பன் பேரு சொல்லாத ஆளுக்கு மனு எப்படி எழுதறது? பேரு சொல்ல மனசு வந்தா வாங்க" என்று கடுகடுத்தேன். "சரிங்கம்மா, போய்ட்டு வர்றேன்" என்று போனார். அடுத்த வாரம் வந்தார். அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த வாரமும் வந்தார். மலையிலிருந்து இறங்கி, சந்தவாசலில் பஸ் பிடித்து, அரை நாள் பயணம். வந்து ஆபீஸ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்து, நான் வெளியே போகும்போது எழுந்து நிற்பார். மனுஷனுக்கு இருந்த பிடிவாதம் கொஞ்சநஞ்சமில்லை. நானும் அந்த விஷயத்தில் குறைந்தவள் இல்லை. தவிடன் என்று ஒரு ஆள் உயிரோடு என் முன்னால் நிற்கிறார் என்றால், எங்கேயோ பிறந்துதானே இருக்க வேண்டும்? அந்த இடத்தைப் பிடித்துவிடுவது என்று மூட்டைகளை மறுபடி அவிழ்த்தேன்.

அம்மை குத்திய பழைய பதிவேட்டைத் தேடினேன். செல்லரித்து மண்ணாகிக் கிடந்தது. பிறகு பிறப்புப் பதிவேட்டில் வேடிக்கொல்லை என்று வருகிற எல்லா வரிகளையும், யார் வீடு என்று பார்க்காமல், ஒன்றுவிடாமல் படித்தேன். ஐந்தாம் நாள் கிடைத்தது. சின்னவேடிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் குள்ளன். குள்ளனுக்கும் அவர் மனைவி கெங்கிக்கும் ஒரு ஆண் குழந்தை, பேர் தவிடன். பிறந்தது ஐப்பசி.

சரி, குள்ளன் மகன், நிலத்துக்குச் சம்பந்தமில்லை, முடிந்தது என்று மூடப்போனேன். அதே பக்கத்தில், நாலு வரி மேலே கண் போயிற்று. குள்ளனுக்கும் அதே கெங்கிக்கும் ஒரு பெண் குழந்தை. அதே வருஷம். ஆடி.

ஆடிக்கும் ஐப்பசிக்கும் நடுவில் மூன்று மாதம். எழுதிய மணியக்காரரும், அதற்குப் பிறகு வருஷா வருஷம் தணிக்கை செய்தவர்களும் ஆண்கள். அவர்கள் கண்ணில் இரண்டும் இரண்டு வரி. எனக்கோ பெற்ற உடம்பு இன்னும் தேறவில்லை. ஆடியில் பெற்றவள் ஐப்பசியில் எப்படிப் பெறுவாள்?

அப்போதுதான் தவிடன் என்ற பேரே உறைத்தது. அடி மண்டு என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்துப் பிறக்கும் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். எமன் வந்து பார்த்தால், இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கியது என்று போய்விடுவானாம். எங்கள் கண்ணமங்கலத்திலும் இந்தப் பழக்கம் உண்டு. ஆனால் நாங்கள் வாசலில் நாடகம் ஆடிவிட்டு, மணியக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிடுவோம். சின்னவேடி மணியக்காரரிடமும் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றே எழுத வைத்திருக்கிறார். மூன்று பிள்ளைகளைத் தன் பேரில் எழுதினார், எழுதிய மூன்றும் போயின. நாலாவதை எழுதுவாரா? அந்த அப்பன் இடத்தில் நான் இருந்தாலும் எழுத மாட்டேன்.

அறுபது நாளில் இன்னும் ஒன்பதே நாள் பாக்கி. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு சாரிடம் ஓடினேன். நான் எழுதிய வம்சாவளி தப்பு என்று முதலிலேயே ஒப்புக்கொண்டேன். இரண்டு வரிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரிம்மா. தவிடன் குள்ளன் புள்ளை இல்லைன்னு இந்த ரெண்டு வரி சொல்லுது. யார் புள்ளைன்னு எந்த வரி சொல்லுது?"

தவிட்டு வழக்கத்தைச் சொன்னேன்.

"வழக்கம் எனக்கும் தெரியும். என் அண்ணனையே குப்பைமேட்டுல போட்டு எடுத்தாங்க. ஆனா வழக்கம் வந்து கைநாட்டு வைக்குமா? அந்த வீட்டுல பொறந்ததைக் கண்ணால பார்த்த ஆள் வேணும்."

"பொன்னின்னு மூத்த பொண்ணு இருக்காங்க சார்."

மறு பேச்சில்லாமல் மேஜையிலிருந்து குடையை எடுத்தார். முழங்கால் வலிக்காரர். "மலை எங்க முடியுது?" என்று கேட்டாரே தவிர, எங்கே தொடங்குகிறது என்று கேட்கவில்லை. மறுநாள் விடிந்ததும் குழந்தையை என் மாமியாரிடம் விட்டுவிட்டு அவரோடு கிளம்பினேன். சந்தவாசல் வரை பஸ், பிறகு நடை. வழக்கம்போல ஆபீசுக்கு இறங்கி வந்துகொண்டிருந்த தவிடன் பாதி வழியில் எதிர்ப்பட்டு, சாரின் குடையையும் கோப்பையும் வாங்கிக்கொண்டார்.

பொன்னி களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தாள். தவிடனைவிடப் பத்து வயது மூத்தவள். சார் கல்மேல் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அவள் முறத்தை நிறுத்தவே இல்லை.

"இவர் உங்களுக்கு யாரும்மா?"

"குள்ளன் வூட்டுப் பையன்."

"அப்படின்னா நெலம் போயிடும்மா."

முறம் நின்றது. தவிடனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "எம்மா, எமன்கிட்ட ஒரு கணக்கப்பிள்ளை கீறானாமே. நீங்க எழுதறது அவனுக்குப் போவுமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்த ஆபீசும் எங்க ஆபீசும் வேற வேறம்மா" என்றேன்.

"வேறன்னு உனக்கு எப்படித் தெரியும்? மூணு பேர எழுதினாங்க. எழுதினது காயறதுக்குள்ள மூணும் பூடுச்சு. நான்தான் தூக்கி வெச்சிக்கினு இருந்தேன். இவனைக் குடுத்து வாங்கின அன்னிக்கு எங்கம்மா என்னாண்ட சத்தியம் வாங்கிச்சு. இன்னி வரிக்கும் இவன ஒறவு மொற சொல்லி ஒரு வாட்டி கூப்பிட்டதில்ல நானு. இப்ப நீ வந்து எழுதறேன்ற."

இத்தனை வருஷம் ஒரு அக்கா தம்பியைத் தம்பி என்று கூப்பிடாமலே வளர்த்திருக்கிறாள். நான் ஒரு வரியில் சந்ததி இல்லை என்று எழுதிவிட்டு, பெருமைப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

தவிடன்தான் வாயைத் திறந்தார். "பொன்னி, எனக்கு வயசாயிடுச்சு. நெலம் போச்சுன்னா புள்ளைங்க எங்க போவும்? எழுதட்டும்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "எழுதுங்க. ஆனா எழுதின கையோட இவனை இன்னொருத்திக்குக் குடுத்துடுவேன். அதுக்கு ஒத்துக்கினா எழுதுங்க."

சார் ஒத்துக்கொண்டார். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எழுதியதைச் சாட்சிக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு வாங்க வேண்டும், அது விதி. தாளை நான் நீட்டினேன். சார் வாங்கிக்கொண்டு எழுந்து போய், அவள் பக்கத்தில் தரையில் வலிக்கிற காலை மடக்கி உட்கார்ந்தார். அவள் காதருகே குனிந்து, எனக்கே கேட்காத குரலில், முதலிலிருந்து கடைசி வரை படித்தார். நிமிர்ந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "படிச்சுக் காட்டணும்னுதான் விதி. எவ்வளவு சத்தமான்னு எங்கயும் இல்லை" என்றார். அவர் போட்ட எல்லாக் கேள்விக்குறிகளையும் அந்த நிமிஷத்தில் மன்னித்துவிட்டேன்.

பொன்னி கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தாள். வைத்த கையைத் துடைக்காமலே என்னிடம் வந்தாள்.

"உனக்குக் கைக்கொழந்த கீதாம்மா?"

"எட்டு மாசம்."

"நல்லாக்கீதா?"

"நல்லா இருக்குது."

"அப்ப நீதான்."

தவிடன் என் எதிரே வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தார். நரைத்த தலை, வெடித்த பாதம், என் அப்பாவைவிட மூத்தவர். பொன்னி அவர் கையைப் பிடித்து என் கையில் வைத்தாள். "உன் புள்ளை" என்றாள். பிறகு முறத்தில் ஒரு படி சாமைத் தவிட்டை அளந்து என் முந்தானையில் கொட்டிவிட்டு, அவர் கையைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். "வெல குடுத்துட்டேன். ஊரு பாத்துக்கோ, இது அந்தம்மா பெத்தது. நான் தவிட்டுக்கு வாங்கினேன்" என்று களத்துக்கே கேட்கும்படி சொன்னாள்.

இதையும் எழுத வேண்டுமா என்று சாரைக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, "கோப்பு கட்டியாச்சும்மா" என்றார்.

மறுநாள் என் வரியைச் சிவப்பு மையில் அடித்தேன். 'ஆண் சந்ததி இல்லை' என்ற இடத்தில் தவிடன் என்று எழுதினேன். தவறியது எப்படி என்று விளக்கம் கேட்டு எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. மழுப்பாமல், என் தவறு என்றே எழுதினேன். தாளிலும் அதையே எழுதி வைத்தேன். நோட்டீஸ் ரத்தானது. அடுத்த தை மாதத்துக்குள் பெரியவேடி உழுவதை நிறுத்திக்கொண்டார், தவிடன் பேரில் பட்டா வந்தது.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் புளி உலுக்கி முடிந்ததும் தவிடன் ஆபீசுக்கு வருவார், ஒரு சிப்பம் புளியோடு. பியூன் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், "எங்கம்மாவ" என்பார். ஆபீசே சிரிக்கும். "சரோஜாம்மா, உங்க பையன் வந்திருக்காரு, பால் குடுத்து அனுப்புங்க" என்று கிண்டல் செய்வார்கள். நானும் விடாமல், "நீங்க எல்லாம் பெத்ததை விட என் பையன் பரவாயில்லை" என்பேன். கேன்டீனில் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வருவேன். வீட்டில் என் பிள்ளைகள் அவரைத் தாத்தா என்று கூப்பிட்டார்கள். "அண்ணன்னு கூப்பிடணும்" என்று அவர் திருத்துவார்.

எண்பதுகளின் நடுவில் அரங்கநாதன் சார் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். மணியக்காரர் பதவியை எல்லாம் எடுத்துவிட்டுக் கிராம நிர்வாக அலுவலர்களைப் போட்டிருந்தார்கள். ஒருநாள் காலையில் வேடிக்கொல்லைக்குப் போட்டிருந்த அலுவலர் என் மேஜைக்கு வந்து தயங்கி நின்றார். புது ஆள், சின்ன வயது. "மேடம், இத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வேடிக்கொல்லையில தவிடன்னு ஒருத்தர் தவறிட்டாரு. பெத்தவங்க வராம எடுக்க மாட்டோம்னு காத்துக்கினு இருக்காங்க. பெத்தவங்க யாருன்னு கேட்டா, உங்க பேரச் சொல்றாங்க."

விடுப்புக் கடிதத்தில் 'சொந்தக் காரியம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவரோடு கிளம்பினேன். அந்த மலையை எப்படி ஏறினேன் என்று இப்போது நினைவில்லை. அழுதுகொண்டே ஏறினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

பொன்னி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மிகவும் தளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா. உன் புள்ளையப் பாரு" என்றாள். பார்த்தேன். தூங்குகிற முகம். அவர் பிள்ளைகளில் ஒருவன் ஒரு முறத்தில் சாமைத் தவிடு கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

"நான் குடுத்த வெலையத் திருப்பிக் குடுத்துடு" என்றாள் பொன்னி. "எமன் எடுத்துப்போக வந்துட்டான். இனிமே ஏமாத்த வேணாம்."

அவள் மடியில் தவிட்டைக் கொட்டினேன். அவள் இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "தம்பி" என்றாள். முதலில் மெல்ல. பிறகு மலை முழுக்கக் கேட்கும்படி, "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கூடியிருந்தவர்கள் யாரும் அவளைத் தடுக்கவில்லை.

எடுத்து முடிந்த பிறகு, அலுவலர் இறப்புப் பதிவேட்டைப் பிரித்தார். அவரிடமிருந்து பேனாவை நான் வாங்கிக்கொண்டேன். பேர், தவிடன். ஆண். விவசாயம். வரிசையாக எழுதிக்கொண்டு வந்து, அடுத்த கட்டத்தில் நிறுத்தினேன். எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் கேட்டேன்.

"அப்பா பேரு?"

பொன்னி எழுந்து நின்றாள். "சின்னவேடி. காளி மவன் சின்னவேடி. இந்தக் கொல்லைய வெட்டித் திருத்தினாரே பெரியவேடி, அவரு பேரன். நல்லா பெருசா எழுது" என்றாள்.

பெரிதாக எழுதினேன்.